இன்டர்வல் அக்கா பார்க்காத பாதி

அறுபதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் எந்தக் கதாநாயகியும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் இன்டர்வல் அக்காதான்.

அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். என் அம்மா இன்றைக்கும் டிவியில் பழைய படம் என்றால் முதலில் துண்டைத் தேடுவாள், அப்புறம்தான் ரிமோட்டை. ஆனால் அக்கா பார்த்த படங்களே வேறு. அவற்றில் பெண்கள் வரிசையாக சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். ஷட்டில் காக் ஆடுவார்கள். காலேஜ் மேடையில் கதாநாயகனோடு வாதம் செய்து, அவன் வாயை அடைத்துவிட்டு இறங்குவார்கள். மேல்மூடி இல்லாத காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு பிக்னிக் போவார்கள். குறுக்கே வருகிறவனை "ஹலோ மிஸ்டர்" என்று நிறுத்தி நாலு கேள்வி கேட்பார்கள். அதோடு படம் முடிந்துவிடும். அக்கா பொய் சொல்கிறவர் அல்ல, பார்த்ததைத்தான் சொன்னார். என்ன ஒன்று, அவர் எந்தப் படத்தையும் இன்டர்வலுக்கு மேல் பார்த்ததில்லை.

அது எப்படி என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஆளைக் காட்டிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிற ஒரு பெண்கள் விடுதிக்கு அவர்தான் வார்டன். நான் அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மா பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு பேச்சுவார்த்தை நின்றுபோய், ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தவள் நான். விடுதியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். இரும்பு ஆலை ஆபீஸ், மருந்து பேக்கிங், போன் பாகங்களைக் கோக்கிற லைன் என்று பலவிதம். இத்தனை பேரையும் கட்டி மேய்ப்பதுதான் அக்காவின் உத்தியோகம். அவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லையா, நுழைக்க விருப்பமில்லையா தெரியாது. இன்றுவரை நான் அவருக்கு "லேபு"தான்.

வயது எழுபதைத் தாண்டியிருக்கும் என்பது எங்கள் ஊகம், கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. புதிதாக வந்த ஒருத்தி தெரியாத்தனமாக "பாட்டி" என்று கூப்பிட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் மட்டும் அப்பளம் விழவில்லை. அக்காவின் உச்சந்தலையில் ஒரு கொண்டை இருக்கும். அதற்குள் என்ன வைத்துத் தூக்கிக் கட்டுகிறார் என்பது விடுதியின் பெரிய மர்மம். தேங்காய் நார் என்று ஒரு கட்சி, பழைய சாக்ஸ் என்று ஒரு கட்சி. கண்ணுக்கு வைத்த மை கண்ணோடு நிற்காமல் காதைப் பார்த்து வால் நீட்டும். காதோரம் ஒரு முடியைச் சுருட்டிவிட்டிருப்பார். முதல் ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் விடிகாலையில் பாதித் தூக்கத்தில் நாஷ்டாவுக்கு இறங்கி வந்தால், இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில் இந்த அலங்காரத்தோடு நிற்பார். பயத்தில் தூக்கம் கலைந்துவிடும், கம்பெனி பஸ்ஸைத் தவறவிடுகிற பேச்சே இல்லை.

ஆண்கள் எல்லாரும் அவருக்கு மிஸ்டர். தண்ணிக் கேன் மிஸ்டர், கேஸ் மிஸ்டர், லைன்மேன் மிஸ்டர். ஒருமுறை டேங்கர் லாரி ஒன்று எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் நெல்லூர்ப் பக்கத்து ஆள், முகத்தில் பாதி மீசை. நாங்கள் உள்ளிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். அக்கா வெளியே போய், இடுப்பில் ஒரு கையை வைத்து, கொண்டையை ஒரு பக்கம் சாய்த்து, "ஹலோ மிஸ்டர். ரோடு இன்னா உங்க நைனா ஊட்டு சொத்தா?" என்றார். பிறந்ததிலிருந்து அந்த ஆளை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே லாரியை எடுத்தார். அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது எங்கள் கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, மீசைக்கு எண்ணெய் போட்டிருந்ததைக் காட்டிவிட்டுப் போனார்.

ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் பிக்னிக் உண்டு. உட்கார்ந்து சாப்பிடுவது அதில் முக்கியமில்லை, சைக்கிளில் வரிசையாகப் போவதுதான் முக்கியம். அக்கா முன்னால், நாங்கள் பின்னால், எல்லாரும் பாட வேண்டும். பாட்டு வராதவர்கள் லாலா போட வேண்டும். தொழிற்பேட்டைச் சாலையில் நாங்கள் இப்படிப் போக, பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் ஹாரன் அடிக்கவும் மனம் வராமல் கல்யாண ஊர்வலத்தில் வருகிற மாதிரி ஊர்ந்து வரும். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, இது என்ன போராட்டம், எந்தக் கம்பெனியை எதிர்த்து என்று கேட்டார். "பிக்னிக் மிஸ்டர்" என்று சொல்லி, அவர் கையில் ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வைத்துவிட்டு அக்கா பெடலை மிதித்துவிட்டார். அவர் பொட்டலத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெயர்க் காரணத்துக்கு வருகிறேன். விடுதி என்றால் சண்டை இருக்கும். என் பக்கெட்டை யார் எடுத்தது, என் கொடியில் யார் துணி போட்டது என்று தினமும் ஒன்று. குரல் உச்சத்துக்குப் போனதும் அக்கா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டி "இன்டர்வல்" என்று அறிவிப்பார். சண்டை போட்டவர்கள் கையில் ஆளுக்கொரு முறுக்கு. அவர் சுடுகிற முறுக்கு கும்மிடிப்பூண்டி இரும்பு மாதிரி இருக்கும், அதைக் கடிக்கும்போது கத்த முடியாது. தின்று முடிப்பதற்குள் பக்கெட் யாருடையது என்பதே மறந்துபோகும். டிவி சீரியலில் யாராவது கண்ணைக் கசக்க ஆரம்பித்தாலும் இதே கதைதான். "இன்டர்வல் வந்துடுச்சி" என்று ரிமோட்டை அழுத்திவிடுவார். பழைய படம் போட்டால் சரியாகப் பாதியில் எழுந்து, "பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சிடி" என்பார். எந்த பஸ் என்று யாருக்கும் தெரியாது.

அந்த விடுதியில் அக்காவோடு சரிக்குச் சரி நின்று பேசக்கூடிய ஒரே ஆண் ஓனர். அவர் மட்டும் மிஸ்டர் இல்லை, நைனா. ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்களில் மரியாதைக்குரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நைனாவுக்கும் அக்காவுக்கும் நடுவே தீராத வழக்கு ஒன்று இருந்தது. கீழ் அறையில் ஜன்னலோரக் கட்டிலை அக்கா யாருக்கும் நிரந்தரமாகத் தரமாட்டார். யாராவது திடீரென்று வந்தால் சில நாள் படுக்கலாம், அப்புறம் மாடிக்குப் போய்விட வேண்டும். மற்றபடி அது விரிப்பு மாற்றப்பட்டு, தலையணை வைக்கப்பட்டு, காலியாகவே கிடக்கும்.

நைனா மாதம் தவறாமல் வந்து அந்தக் கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "யாருக்கும்மா இது?"

"ஒருத்தி வர்றா நைனா."

"நானும் ஊடு கட்னதுலேர்ந்து கேட்டுக்கினு கீறேன். அவளும் வந்துகினே கீறா."

"வருவா," என்று சொல்லிவிட்டு அக்கா உலையைப் பார்க்கப் போய்விடுவார். யாரோ சொந்தக்காரப் பெண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இனி அந்தப் பாதிப் படக் கதை. அக்காவின் ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே நெல் விளைகிற ஒரு கிராமம். பக்கத்து ஊரில் டென்ட் கொட்டகை. இருட்டினால்தான் படம் தெரியும் என்பதால் இருட்டிய பிறகுதான் ஆரம்பிப்பார்கள். ஆண்கள் சைக்கிளில் வந்து படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு ஆற அமரத் திரும்புவார்கள். பெண்களுக்கு இருந்தது ஒரே பஸ், அதுவும் கடைசி பஸ். ஒரே மிஷின் கொட்டகையில் ரீல் மாற்ற அடிக்கடி விளக்கு போடுவார்கள் என்றாலும், முறுக்கும் சோடாவும் வருகிற பெரிய இன்டர்வல் ஒன்றுதான். சரியாக அந்த நேரத்தில் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். பெண்கள் எல்லாரும் முறுக்கை மடியில் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குப் படம் என்றாலே பாதிப் படம்தான். சமைப்பது பெண்கள், முதலில் சாப்பிடுவது ஆண்கள் என்பதை யாரும் கேள்வி கேட்காத மாதிரி இதையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அக்கா தன் அண்ணனைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் என்ன ஆச்சு என்று. அண்ணன் பல் விளக்கிக்கொண்டே சொல்வாராம், "இன்னா ஆவும். அழுவுறா, மழ பேயுது, வணக்கம் போட்டுட்டான்." எந்தப் படத்துக்குக் கேட்டாலும் இதே பதில். முதல் பாதியில் அத்தனை பேர் வாயை அடைத்த பெண் இரண்டாம் பாதியில் எதற்கு அழப்போகிறாள்? அண்ணன் இன்டர்வலுக்கு அப்புறம் மணலில் துண்டை விரித்துத் தூங்கிவிடுகிறார் என்று அக்கா முடிவு கட்டினார். அதனால் மீதிப் பாதியைத் தானே சொல்ல ஆரம்பித்தார். மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அக்கா சொன்ன பாதிகளில் யாரும் அழவில்லை, மழையும் பெய்யவில்லை.

அவர் பார்த்த படங்களுக்கு அவரிடம் பெயர் கிடையாது. ஷட்டில் காக் படம், கார் படம், இரட்டைச் சடை படம், இப்படித்தான் சொல்வார். அதிலே தலையாய படம் பிளாட்பாரம் படம். அதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுதான் சொல்வார். படித்த பெண், முசுட்டுப் புருஷன், அவனுக்கு ஏற்ற தாயார். ஒருநாள் அவன் கை ஓங்குகிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் சூட்கேஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறாள். இடது கையில் சூட்கேஸ், வலது கையில் முந்தானை நுனி, எதிர்க்காற்று, தூரத்தில் ரயில் வெளிச்சம். அக்கா ஹால் நடுவில் ஒரு தூக்குவாளியை சூட்கேஸாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். நாங்கள் மூச்சு விடமாட்டோம். ரயில் வந்து நிற்கும், இன்டர்வல், பஸ் ஹாரன்.

அந்தப் படம் பார்த்த கொஞ்ச காலத்தில் அக்காவுக்குக் கல்யாணம். வாழ்க்கைப்பட்ட இடம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் மணவாள நகர். வேலை மாறியதில் நான் இப்போது குடியிருப்பதும் அங்கேதான். பார்க்கப் போகும்போதெல்லாம், "இன்னும் அங்கயா கீற?" என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளை விசாரிக்கிற குரலில் கேட்பார். புருஷன் ஒருநாள், ரேடியோவைச் சத்தமாக வைத்ததற்காகக் கை ஓங்கியிருக்கிறார். அதை அக்கா எங்களிடம் சொன்னது இப்படி:

"அவன் கைய ஓங்கினான்டி. எனக்கு அழுகயே வர்ல. நான் பாத்த வரைக்கும் எவளும் அழுதில்ல, நான் எங்க போயி கத்துக்கறது? பொட்டிய எங்க வெச்சேன்னுதான் தேடினேன்."

பெட்டி கிடைத்தது. திருவள்ளூர் ஸ்டேஷனில் இடது கையில் பெட்டியும் வலது கையில் முந்தானையுமாக நின்றாராம். காற்றுதான் வரவில்லை என்று இன்றைக்கும் குறை. வந்த ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, எதிரே நின்ற இன்னொரு ரயிலில் ஏறினார். எங்கே போகிறது என்று தெரியாது. சாப்பாட்டுக் கேரியரோடு நாலைந்து பெண்கள் ஒரு ஸ்டேஷனில் இறங்கினார்கள், அக்காவும் கூடவே இறங்கிவிட்டார். "நாலு பொம்பளைங்க கேரியர் எட்த்துக்கினு எறங்கினா, அங்க நமக்கும் எதுனா வேல இருக்கும்ல" என்பது அவர் போட்ட கணக்கு. அந்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த நேரம், ஒரு கேன்டீனில் வேலை கிடைத்தது. புருஷன் தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தபோது, ஹலோ மிஸ்டர் என்று வரவேற்று, இரண்டு பேருக்கும் டீயும் வடையும் கொடுத்து, அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் அக்கா கேன்டீனை நடத்தி, பெண்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்து, கடைசியில் இந்த விடுதிக்கு வார்டனாக வந்து நிலைத்துவிட்டார்.

பிளாட்பாரப் பெண் அப்புறம் என்ன ஆனாள்? அங்கேதான் வம்பு வந்தது. நான் விடுதியில் சேர்ந்த புதிதில் கேட்டபோது அவள் டாக்டருக்குப் படித்துப் பெரிய டாக்டராகிவிட்டாள். எனக்கு அப்புறம் வந்தவள் மேகலா. அத்திப்பட்டுப் பெண், அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. விடுதியில் கரண்ட் போனால் எல்லாரும் முதலில் இவளைத்தான் முறைப்பார்கள், அவள் அப்பா சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்ட மாதிரி. மேகலாவிடம் அக்கா சொன்னதில் அந்தப் பெண் பஸ் கம்பெனி ஆரம்பித்து, படம் விடுகிற நேரத்தில் பெண்களுக்கென்று தனி பஸ் விட்டாளாம். டாக்டரா, பஸ் கம்பெனியா என்று எனக்கும் மேகலாவுக்கும் ஒரு மாலையில் முட்டிக்கொண்டது. அக்கா தட்டைத் தட்டினார், முறுக்கு கொடுத்தார். முறுக்கு தீர்ந்தும் சண்டை தீரவில்லை. அந்த விடுதியின் சரித்திரத்தில் இன்டர்வல் தோற்றது அன்றுதான்.

அடுத்த வாரமே மேகலா படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பழைய படப் பைத்தியங்கள் கூடுகிற ஏதோ குழுவில் பிளாட்பாரக் காட்சியை விவரித்து எழுத, யாரோ பெயரைச் சொல்லிவிட்டார்கள். முழுப் படமும் யூடியூபில் இருந்தது. அக்காவிடம் சொன்னதும், வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மத்தியானம் போடு. எல்லாரும் பாத்துடலாம்" என்றார். அப்புறம்தான் மேகலா என்னிடம் படத்தின் பெயரைச் சொன்னாள். பெயரை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் போய் மீதிப் பாதியைப் பார்த்துவிடுவீர்கள்.

அது என் அம்மாவின் படம். எனக்குப் புத்தி சொல்ல வேண்டிய போதெல்லாம் அம்மா அதன் கடைசிக் காட்சியைத்தான் எடுப்பாள். எவ்வளவு படித்தவள், எவ்வளவு திமிராக வெளியே போனவள், கடைசியில் புருஷன் காலில் வந்து விழுந்தாளா இல்லையா என்பாள். மாப்பிள்ளையை வேண்டாம் என்று நான் சூட்கேஸ் எடுத்த நாளிலும் அதையே சொல்லித்தான் அனுப்பினாள். முதல் பாதியை அக்காவிடமும் இரண்டாம் பாதியை அம்மாவிடமும் கேட்டிருந்த எனக்கு, இரண்டும் ஒரே படம் என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தப் பாதிப் படத்தை நம்பித்தான் அக்கா ஒரு வீட்டை விட்டு வெளியே வந்தார். அந்தப் பெண் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் தனியாக இத்தனை வருஷம் தள்ளியிருக்கிறார். மீதிப் பாதியோ, போனது தப்பு, திரும்பி வா என்று சொல்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒருத்தியை உட்காரவைத்து, உன் வாழ்க்கை தப்பு என்று பெரிய திரையில் காட்ட வேண்டுமா? மேகலாவிடம் சொன்னதும் அவள் முகமும் வெளிறிவிட்டது. டாக்டர் கட்சியும் பஸ் கட்சியும் அந்த இடத்திலேயே சேர்ந்துவிட்டன. எப்படியாவது இன்டர்வலோடு நிறுத்திவிட வேண்டும்.

ஞாயிறு மதியம் எங்கள் பக்கம் கரண்ட் போகாமல் இருக்காது. நாங்கள் அதைத்தான் மலை போல நம்பினோம். ஹால் டிவியில் போனை இணைத்து, எல்லாரும் பாய் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. நைனாகூடத் தகவல் தெரிந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். படம் ஓடுகிறது, ஓடுகிறது, கரண்ட் போகிற வழியைக் காணோம். "உங்கப்பா கிட்ட சொல்லி கொஞ்சம் கைய எடுக்கச் சொல்லேன்டி" என்று மேகலாவின் காதில் கெஞ்சினேன். அப்பாவுக்கு இன்று லீவு என்றாள்.

பிளாட்பாரக் காட்சி வந்தது. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. இடது கையில் சூட்கேஸ், வலது கையில் முந்தானை நுனி, காற்று, வெளிச்சம். ரயில் வந்து நின்றதும் அக்கா தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். இதுதான் சமயம் என்று நான் குதித்தேன். "அக்கா, பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த பஸ்ஸுடி? நான்தான் இங்கயே கீறேனே," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. அந்தப் பெண் முன்பின் தெரியாத ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினாள். இறங்கிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. முதல் பாதியில் பட்டம் வாங்கியவளுக்கு இரண்டாம் பாதியில் தையல் மிஷினைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. இருமினாள். இருமலோடு ஒரு பாட்டு பாடினாள். கடைசியில் கொட்டுகிற மழையில் திரும்பிப் போய்ப் புருஷன் காலில் விழுந்தாள். அவர் அவளை மன்னிப்பதற்கே ஒரு ரீல் எடுத்துக்கொண்டார். மன்னிப்பு முடிந்ததும் அவள் நிம்மதியாக அவர் மடியில் உயிரை விட்டாள். வணக்கம்.

ஹாலில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். அக்காவின் கண் மட்டும் காய்ந்தே இருந்தது, மையின் வால்கூடக் கலையவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் தூங்கலடி," என்றார் ஒரு வழியாக. "பாவம், உள்ளததான் சொல்லிக்கினு இருந்துகீறான். நான்தான் அத்தினி வருஷமா திட்டிக்கினு இருந்தேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அந்தப் பெண் ரயிலிலிருந்து இறங்குகிற இடத்துக்குப் பின்னால் தள்ளச் சொன்னார். மேகலா தள்ளினாள். சூட்கேஸோடு அவள் படியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். எழுந்து போய் டிவிக்கு முகத்தைக் கிட்டே வைத்து, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார்.

"அங்க வேற பொம்பள யார்னா எறங்குறாளா, பாத்து சொல்லுங்கடி."

நாங்களும் பார்த்தோம். காலியான பிளாட்பாரம், ஒரு பெஞ்சு, ஒரு விளக்குக் கம்பம். யாரும் இல்லை.

"அதான். ஒரு பொம்பளகூட எறங்காத ஸ்டேஷன்ல தனியா எறங்கிட்டா. வண்டி நின்னதும் பயந்து எறங்கிட்டா போலகீது, பாவம்." திரையில் நிற்கிற பெண்ணின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "இன்னும் ரெண்டு ஸ்டேஷன் குந்திக்கினு வந்திருந்தான்னா கும்மிடிப்பூண்டி வந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். நேராகக் கீழ் அறைக்குப் போய், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த விரிப்பை உருவி உதறி, புது விரிப்பு போட்டு, நாலு மூலையையும் இழுத்துச் செருகினார். நைனா பின்னாலேயே போய் வாசலில் நின்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். "அந்தத் தலகாணி நைஞ்சி போயிகீதும்மா. நாளிக்கு வேற வாங்கியாறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். ராத்திரிச் சாப்பாட்டில் எல்லார் தட்டிலும் இரண்டு அப்பளம் விழுந்தது.

நான் அந்த விடுதிக்கு வந்த முதல் மாலையை அன்றைக்குத்தான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஸ்டேஷனில் டிபன் பாக்ஸும் ஐடி கார்டுமாக இறங்கிய பெண்களின் பின்னாலேயே நடந்து, அம்மா சொன்ன கடைசிக் காட்சி காதில் ஓட, அழுது வீங்கிய முகத்தோடு அந்த வாசலில் நின்றிருந்தேன். அக்கா என் பெயரைக் கேட்கவில்லை, கம்பெனியைக் கேட்கவில்லை. என் கையிலிருந்த சூட்கேஸைப் பார்த்தார். "வந்துட்டியா, வா," என்று அதை வாங்கிக்கொண்டுபோய் ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தவர் என்னை ஆள் மாற்றி நினைத்துக்கொண்டார் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா ஆளை மாற்றி நினைக்கவே இல்லை.